ராகு காலத்தில் ஏறிய ஜட்கா

செத்துப்போனவர்களைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாகச் சொல்ல வேண்டும் என்பார்கள். அந்த டாக்டர் செத்து வெகுகாலம் ஆகிறது. அவரைப் பற்றிச் சொல்ல என்னிடம் நாலு வார்த்தை நல்லதாக இல்லை. ஒன்றே ஒன்று இருக்கிறது. அதை அதன் இடத்தில் சொல்வேன்.

நான் பள்ளிக்கூடம் போனது ஒன்றேகால் வருஷம். பெரிய வார்த்தை வந்தால் இன்றைக்கும் நின்று நின்றுதான் படிப்பேன். இதை எழுத ஒரு மழைக்காலம் முழுசாகப் பிடித்தது. பிடிக்கட்டும், எனக்கு என்ன அவசரம். எழுத்து தெரியாதவள் கண்ணால் பார்த்தது பொய் என்று நினைக்கிறவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பாடு.

நாடு சுதந்திரம் வாங்கி நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம். மைசூரில் மண்டி மொஹல்லாவில் ஒரு சந்தில் குடியிருந்தோம். காட்டோரம் கௌதள்ளிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த தமிழ்க் குடும்பம். என் வீட்டுக்காரர் மண்டியில் மூட்டை நிறுக்கிற வேலை. மாமனார் இல்லை. மாமியாரும் நானும் வீட்டிலேயே ஊதுபத்தி உருட்டுவோம். குச்சியும் கரிமாவும் பசைமாவும் கொண்டுவந்து போட்டுவிடுவார்கள். தண்ணீர் விட்டுப் பிசைந்து, பலகையில் வைத்து, குச்சியை அதன்மேல் உருட்ட வேண்டும். நாள் முழுக்க உருட்டினால் முழங்கை வரைக்கும் கரி. எத்தனை தேய்த்தாலும் நகக்கண்ணில் இருந்து போகாது.

வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. நான் கட்டி வந்தபோது அவளுக்குப் பத்து வயசு. தலை பின்னிவிட்டது, சமைந்ததும் சீலை கட்டப் பழக்கியது எல்லாம் நான்தான். நாத்தனார் என்று சொல்வதெல்லாம் ஊருக்குத்தான். பதினெட்டு வயதில் குண்டலுபேட்டையில் ஒரு கடலைக்காய் வியாபாரி வீட்டுப் பையனுக்குக் கொடுத்தோம். நல்ல இடம். ஐந்தாம் மாதம் அவளுடைய மாமனார் அவளைக் கூட்டிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

என்ன விஷயம் என்றால், நல்லாயிருக்கிறவளுக்குத் திடீரென்று நெஞ்சு அடிக்க ஆரம்பிக்கும். சாதாரண படபடப்பு இல்லை. மாவு மில்லில் பெல்ட் ஓடுகிற மாதிரி, கழுத்து நரம்பு துடிப்பது எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கே தெரியும். முகம் வெளுத்து, கை சில்லிட்டு, சில சமயம் மயங்கியே விழுவாள். அரை மணி, ஒரு மணி அப்படியே ஓடும். பிறகு யாரோ விசையைத் தட்டின மாதிரி ஒரே நொடியில் நின்றுவிடும். எழுந்து, 'அண்ணி, பசிக்குது' என்பாள். குண்டலுபேட்டையில் முதலில் பேய் என்றார்கள். மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். கயிற்றோடுதான் வந்தாள்.

மறுநாள் காலையில் அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். அவள் மாமனார், என் வீட்டுக்காரர், நான். அங்கேதான் அந்த டாக்டர். சிவப்பாக, உயரமாக, சட்டை கொஞ்சம்கூடக் கசங்காமல் இருப்பார். நாற்காலியைப் பின்னால் சாய்த்துக்கொண்டுதான் பேசுவார். அவள் கையைப் பிடித்துப் பார்த்தார். குழாயை வைத்துக் கேட்டார். எல்லாம் சரியாக இருந்தது. இருக்காதா பின்னே, அன்றைக்கு அவளுக்கு ஒன்றும் இல்லையே. வரும்போதுதானே வரும்.

நான் சொல்லப் பார்த்தேன். எப்படி ஆரம்பிக்கிறது, எப்படி நிற்கிறது, நின்ற பிறகு அவள் இரண்டு மூன்று தரம் நிறைய ஒன்றுக்குப் போகிறாள் என்பது வரைக்கும் சொன்னேன். இந்தக் கடைசி விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரித்தார். பக்கத்தில் நின்ற பையன் டாக்டர்களைப் பார்த்து இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அவர்களும் சிரித்தார்கள். ஆண்பிள்ளைகள் மத்தியில் அதைச் சொல்ல எனக்கு எத்தனை கூச்சமாக இருந்தது என்று அவருக்குத் தெரியாது. கூச்சத்தை விழுங்கித்தான் சொன்னேன். அவளுக்கு முகம் சுண்டிப்போய்விட்டது.

அவர் சம்பந்தியைப் பார்த்துக் கன்னடத்தில் விளக்கினார். உடம்பில் ஒரு குறையும் இல்லை. மனசுதான் காரணம். புருஷன் வீட்டில் இருக்க இஷ்டமில்லாத பெண்கள் இப்படிச் செய்வதுண்டு, வேண்டுமென்றேகூடச் செய்ய மாட்டார்கள், தானாக வரும், அதற்கு ஹிஸ்டீரியா என்று பெயர். கண்டுகொள்ளாமல் விட்டால் தானாக அடங்கும். இரண்டு வரி சீட்டு எழுதினார். எல்லாம் சேர்த்துக் காப்பி ஆறும் நேரம்கூட ஆகவில்லை.

சம்பந்தி சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவளை எங்கள் வீட்டு வாசலில் விட்டுவிட்டு, "மனசு சரியானதும் சொல்லி அனுப்புங்க, வந்து கூட்டிட்டுப் போறோம்" என்றார். சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அப்போது ஒருவனுக்கு இரண்டு பெண்டாட்டி கூடாது என்று எங்கள் பக்கம் சட்டம் வந்திருக்கவில்லை. பெண்டாட்டிக்குப் புத்தி சரியில்லை என்று பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் எழுதிய சீட்டு ஒன்று போதும், இன்னொருத்தி கழுத்தில் தாலி கட்டலாம். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். ஐப்பசியில் குண்டலுபேட்டையிலிருந்து மண்டிக்கு லோடு கொண்டுவந்தவர் என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டார். அங்கே வேறு பெண் பார்க்கிறார்கள், தை வரைக்கும் பார்ப்போம் என்று இருக்கிறார்கள் என்று. ஆக, தைக்குள் அந்தச் சீட்டு பொய் என்று காட்ட வேண்டும். நான் மனசில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் கடிகாரம் கிடையாது. என் கைதான் கடிகாரம். அவளுக்கு நெஞ்சு அடிக்க ஆரம்பித்ததும் எதிரில் படுக்க வைத்துக்கொண்டு நான் உருட்டிக்கொண்டே இருப்பேன். நின்றதும் உருட்டிய குச்சியை எண்ணுவேன். ஒரு தரம் இருநூறு குச்சி நேரம். ஒரு தரம் நானூற்றைம்பது. இன்னொன்றும் கண்டுபிடித்தேன். ஒரு குச்சியை நான் உருட்டி முடிக்கிற நேரத்தில் என் நாடி ஏழு எட்டுத் தரம் அடிக்கும். அவள் கழுத்தைப் பார்த்து எண்ணினால் இருபதைத் தாண்டும். மனசில் நினைத்து யாராவது நெஞ்சை இப்படி ஓட்ட முடியுமா. முடிந்தால் அந்த டாக்டர் ஓட்டிக் காட்டட்டும்.

இப்போது எங்கள் தப்பையும் சொல்ல வேண்டும். டாக்டரை மட்டும் திட்டிவிட்டு எங்களை விட்டுவிட்டால் அது நியாயம் இல்லை.

டாக்டரிடம் போவதென்றால் எங்களுக்குக் கோயிலுக்குப் போவது மாதிரி. குளித்து, வெளுத்த சீலை கட்டி, தலை வாரி, விளக்கேற்றிக் கும்பிட்டு, ஆம்பளை முன்னால் நடக்க, நல்ல நேரம் பார்த்துத்தான் படி இறங்க வேண்டும். அழுக்குச் சீலையோடு போனால் மதிக்க மாட்டார்கள் என்ற பயம் வேறு. கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை மூன்று மணி வாக்கில் அவளுக்கு ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் சாயங்காலமும் பார்ப்பார்கள். கிளம்பு என்றேன். மாமியார் வாசலை மறித்து நின்றார்.

"மூணுலேர்ந்து நாலரை ராகு காலம். சித்தெ இரு. நாலரை ஆனதும் போகோணும்."

இருந்தோம். நான்தான் அவளுக்கு முகம் கழுவிவிட்டு, சீலை மாற்றி, கனகாம்பரம்கூட வைத்துவிட்டேன். என் கையாலேயே வைத்தேன். நாலரை ஆகும் முன்பே நின்றுவிட்டது. ஆனாலும் போனோம். பூ வைத்துக்கொண்டு, வெளுத்த சீலையில், சிரித்த முகமாக ஒரு பெண் போய் நின்றால் டாக்டர் என்ன நினைப்பார். "மத்தே பந்த்யா" என்றார், மறுபடியும் வந்தாயா என்று. நான் முந்தானையில் முடிந்து கொண்டுபோயிருந்த குச்சிக்கட்டை மேஜைமேல் வைத்து, இந்தத் தரம் இவ்வளவு நேரம், ஒரு குச்சி உருட்டுவதற்குள் இத்தனை அடி என்று விளக்கினேன். அவர் ஒரு குச்சியை எடுத்து மூக்கருகில் வைத்து மோந்தார்.

"வாசனை நல்லாயிருக்கு. பூஜைக்கு ஆகும். வைத்தியத்துக்கு ஆகாதும்மா" என்றார் கன்னடத்தில்.

குச்சியைப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் அவள், "அண்ணி, ஒருவேளை எனக்குப் பைத்தியம்தானோ" என்று கேட்டாள். படித்த மனுஷன் ஒருவன் சிரித்துச் சிரித்து, கல்லு மாதிரி இருந்த பெண்ணைத் தன் நெஞ்சையே நம்ப விடாமல் செய்துவிட்டான். இதை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதும் இல்லை.

மார்கழியில் ஒரு தரம் வந்தது. என் வீட்டுக்காரர் மண்டியிலிருந்து வரட்டும் என்று காத்திருந்தோம். அவர் வந்தபோது அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நாங்கள் நோயை வீட்டில் குளிப்பாட்டிக் கழுவிவிட்டு, நோய் இல்லாத பெண்ணைக் கொண்டுபோய்க் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

தை பிறந்து பத்துப் பதினைந்து நாள் இருக்கும். வெள்ளிக்கிழமை. பலகை முன்னால் நானும் அவளும் உட்கார்ந்து உருட்டிக்கொண்டிருந்தோம். அவள் கையிலிருந்த குச்சி அப்படியே நின்றது. "அண்ணி" என்றாள். கழுத்து துடித்துக்கொண்டிருந்தது. வெயில் சந்தில் இறங்கியிருந்த கணக்குக்கு மணி பத்தே முக்கால் இருக்கும். நான் எழுந்தேன். கையைக் கழுவவில்லை.

மாமியாரும் எழுந்தார். "வெள்ளிக்கிழமை பத்தரை பன்னெண்டு. படியெறங்காதே புள்ள."

"இறங்கறேன் அத்தை."

"ஏதாச்சும் ஆயிடுச்சுன்னா?"

"ராகு காலத்துல அவளுக்கு வரலாம், நாம போகக் கூடாதா? அதுக்கு நல்ல நேரம் பார்க்கத் தெரியலையே, நமக்கு மட்டும் எதுக்கு?"

மாமியாரை எதிர்த்து நான் பேசிய முதல் பேச்சு அது. அவர் பிறகு ஒன்று செய்தார், அதையும் சொல்ல வேண்டும். சந்து முனைக்கு ஓடி ஜட்காவை நிறுத்தியது அவர்தான். குதிரைக்காரரிடம், "வெரசா ஓட்டு, என் புள்ள" என்றார். அவ்வளவுதான், ராகு காலத்தைப் பற்றி மறுபேச்சுப் பேசவில்லை.

அவள் தலையை என் மடியில் போட்டுக்கொண்டேன். இரண்டு பேர் சீலையிலும் கரி. ஜட்காவில் உட்கார்ந்து எனக்கு ஒரே வேண்டுதல்தான். யாராவது இப்படி வேண்டியிருப்பார்களா தெரியாது. நின்றுவிடாதே, இன்னும் கொஞ்சம் அடி, அவர் பார்க்கிற வரைக்கும் அடி என்று அவள் நெஞ்சிடம் வேண்டினேன். அதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. நின்றே போயிருந்தால்? அவள் உதடு நீலம் பூத்திருந்தது. என்னை அப்படி வேண்ட வைத்தது யார் என்பதையும் கூடவே நினைத்துக்கொள்வேன்.

ஆஸ்பத்திரியில் வரிசை வாசல் வரைக்கும் நின்றது. பியூன் கையை நீட்டித் தடுத்தான். என் கைக்கரியைப் பார்த்து அவனே ஒதுங்கினான். அவளைத் தோளில் தாங்கிக்கொண்டு நேராக டாக்டர் மேஜைக்கே போய்விட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். முதலில் என் கையைத்தான் பார்த்தார்.

கையைக் கழுவிவிட்டு வா, வரிசையில் நில் என்றார். கழுவினால் நின்றுவிடும், வரிசையில் நின்றாலும் நின்றுவிடும், இப்போதே பாருங்கள் என்றேன். அவர் பியூனைக் கூப்பிட வாயைத் திறந்தார். நான் மேஜையைச் சுற்றிப்போய் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, விரலை அவள் கழுத்தில் வைத்து அழுத்தினேன்.

"எண்ணுங்க" என்றேன். "குச்சிக்கணக்கு வேண்டாம்னீங்களே, உங்க கணக்குல எண்ணுங்க."

அந்தக் காலத்தில் என் மாதிரி ஒருத்தி அந்த மாதிரி ஒருவரைத் தொட்டதே பெரிய குற்றம். அவர் கையை உதறுவார் என்று நினைத்தேன். உதறவில்லை. முகம் மாறியது. மற்ற கையால் கடிகாரத்தை எடுத்தார். எண்ணினார், விட்டுவிட்டார், மறுபடி முதலிலிருந்து எண்ணினார். பிறகு நாற்காலியிலிருந்து எழுந்தார். அவர் எழுந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அவருடைய வெள்ளைச் சட்டைக் கையில் என் ஐந்து விரலும் கரியாகப் பதிந்திருந்தன.

அவளைக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். ஒரு பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தார்கள். கையிலும் காலிலும் களிம்பு தடவிப் பட்டை கட்டி, கம்பி மாட்டி, நீளமாக ஒரு காகிதம் எடுத்தார்கள். நிமிஷத்துக்கு இருநூறுக்கு மேலே அடிக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். நான் குச்சியில் சொன்னதும் அதுதான். அவர் குனிந்து, அவள் கழுத்தில் ஒரு பக்கமாக இரண்டு விரலை வைத்து மெல்ல அழுத்தித் தேய்த்தார். நான் பத்துக் குச்சிகூட உருட்டியிருக்க மாட்டேன், அடிப்பது பட்டென்று நின்று, சாதாரணமாக அடிக்க ஆரம்பித்தது. அவள் கண்ணைத் திறந்தாள்.

நான் சொல்வேன் என்ற அந்த ஒரு நல்ல வார்த்தை இதுதான். நிறுத்தியது அவர் விரல்.

கூட ஒரு சின்ன வயசு லேடி டாக்டர் நின்றிருந்தார். தமிழ் தெரிந்தவர். அவர் என் பக்கம் திரும்பி, "இது நின்னதுக்கு அப்புறம் நிறைய ஒண்ணுக்குப் போவாங்களா?" என்று கேட்டார். இந்த நோய்க்கு அது ஒரு அடையாளமாம், புத்தகத்திலேயே இருக்கிறதாம்.

அதுவரைக்கும் அழாதவள் அப்போது அழுதேன். "அதைச் சொன்னப்பத்தாம்மா உங்க பெரிய டாக்டரு சிரிச்சாரு" என்றேன். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டார். பெரிய டாக்டர் அந்த நீளக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். காது கேட்காதவர் மாதிரி.

பிறவியிலேயே இதயத்துக்குள் ஒரு நரம்புக்கோடு அதிகமாக இருக்கிறது, அபூர்வமான சங்கதி, மனசுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று லேடி டாக்டர் விளக்கினார். ஆரம்பித்ததும் மூச்சைப் பிடித்து முக்க வேண்டும், இல்லையென்றால் குளிர்ந்த தண்ணீரில் முகத்தை முக்க வேண்டும், பாதி சமயம் நின்றுவிடும் என்று சொல்லிக்கொடுத்தார். பெரிய டாக்டர் புதுச் சீட்டு எழுத உட்கார்ந்தார். கன்னடத்தில் எழுதச் சொன்னேன். இங்கிலீஷில் இருந்தால் குண்டலுபேட்டையில் யார் படிப்பார்கள். எழுதினார். பழைய சீட்டு தப்பு என்று அதில் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்.

"அதெல்லாம் எதுக்கு? இதுதான் புதுசு. அதைக் கிழிச்சுப் போடச் சொல்லு" என்றார்.

தப்பு என்ற ஒரு வார்த்தையை எழுத அவர் பேனாவில் மை இல்லை. நானும் சோர்ந்து போயிருந்தேன். விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

மறுநாளே நானும் வீட்டுக்காரரும் பஸ் ஏறிக் குண்டலுபேட்டை போனோம். தெருவில் திரும்பும்போதே பார்த்துவிட்டேன். அவர்கள் வீட்டு வாசலில் இரண்டு பக்கமும் வாழைமரம் கட்டியிருந்தது. இலை ஓரம் மட்டும் காய்ந்திருந்தது, தண்டு இன்னும் பச்சை. கல்யாணம் முடிந்து எட்டு நாள்.

சம்பந்தி எங்களை உட்காரச் சொன்னார். சீட்டை வாங்கி நிதானமாகப் படித்தார். மடித்தார். சட்டைப்பையில் வைக்கவில்லை, என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"நானென்ன பண்ணட்டும் அம்மிணி. அந்தக் காகிதத்தையும் அந்த டாக்டருதான் எழுதினாரு, இதையும் அவருதான் எழுதியிருக்காரு."

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்கப் பார்த்தேன், முடியவில்லை. கதவுக்குப் பின்னால் புதுப்பெண்ணின் மஞ்சள் பூசிய கால் தெரிந்தது. அவளிடம் எனக்கு என்ன கோபம். எங்கள் வீட்டுப் பெண்ணின் பெட்டியையும் பாத்திரங்களையும் கேட்டு வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினோம்.

பெட்டியைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அழுவாள் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள், "எனக்குப் பைத்தியம் இல்லைன்னு எழுதியிருக்கா அண்ணி?" என்று மட்டும் கேட்டாள். சீட்டைக் கொடுத்தேன். என்னைவிட அவள் நன்றாகப் படிப்பாள். இரண்டு தரம் படித்துவிட்டுக் கையிலிருந்த மந்திரித்த கயிற்றை அறுத்து அடுப்பில் போட்டாள். பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

வந்தால் மூச்சைப் பிடிப்பாள், தொட்டித் தண்ணீரில் முகத்தை முக்குவாள். நிற்காவிட்டால் போட்டது போட்டபடி ஜட்கா. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஆஸ்பத்திரிக்கு நேரம் பார்த்ததே இல்லை. மாமியார் கடைசி வரை கல்யாணம் காட்சிக்கு ராகு காலம் பார்த்தார், இதற்குப் பார்க்கவில்லை.

ஆடியில் ஆஸ்பத்திரியிலிருந்து அந்தப் பியூன் எங்கள் சந்தைத் தேடிக்கொண்டு வந்தான். டாக்டராகப் படிக்கிற பிள்ளைகளுக்குப் பெரிய டாக்டர் இந்த நோயைப் பற்றிப் பாடம் சொல்கிறாராம். தான் கண்டுபிடித்த கேஸ் என்று சொல்லியிருக்கிறாராம். அந்தப் பெண்ணை ஒரு நாள் கூட்டிவந்து காட்டினால் நல்லது, ஜட்காவுக்குக்கூட ஏற்பாடு செய்வாராம். எனக்கு வந்த கோபத்தில் பிசைந்த கரிமாவை அவன் மேல் எறிந்திருப்பேன். அவள் என் கையைத் தொட்டு நிறுத்தினாள். உருட்டுவதை விடாமல், தலையைக்கூட நிமிர்த்தாமல் பேசினாள்.

"வர்றேன்னு சொல்லுங்கண்ணா. முதல்ல எழுதினது தப்புன்னு அந்தப் புள்ளைங்க முன்னாடி அவரு சொல்லட்டும். சொல்றேன்னு ஒத்துக்கிட்டா அன்னைக்கே வர்றேன். வெள்ளிக்கிழமை பத்தே முக்காலுக்கு வரச் சொன்னாக்கூடச் சரிதான்."

பியூன் சிரிக்கிறதா வேண்டாமா என்று தெரியாமல் என்னைப் பார்த்தான். பிறகு, சொல்கிறேன் என்று போனான்.

அவள் எழுபது வயசு தாண்டி உயிரோடு இருந்தாள். டாக்டரிடமிருந்து அந்தப் பதிலை யாரும் கொண்டுவரவில்லை.